திருகோணமலைக்கு இடமாற்றம்: நிலாவெளிப் பக்கம் கடலோரத்தில் வீடு எடுக்கலாமா?

மலைநாட்டான்:

வணக்கம். என் மனைவி தாதி. ஜனவரி முதல் அவருக்குத் திருகோணமலை நகரத்துப் பெரியாஸ்பத்திரிக்கு இடமாற்றம். நான் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பவன். மின்சாரமும் இணையமும் இருந்தால் எந்த மூலையிலிருந்தும் வேலை செய்யலாம். மகனுக்கு அடுத்த வருடம் ஐந்தாம் தரம், அதாவது புலமைப்பரிசில் பரீட்சை வருடம். நான் பிறந்தது ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றில். இப்போது குடியிருப்பது கொழும்பில், தெமட்டகொடையில். ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர்.

போன மாதம், ஓகஸ்ட் விடுமுறைக்கு வந்து உப்புவெளியில் தங்கினோம். கடல் குளம்போலக் கிடந்தது. படகில் புறாமலைத் தீவுக்குப் போய்ப் பவளப்பாறைகளைப் பார்த்தோம். திரும்பும் நாளன்று மகன் வர மறுத்து அழுதான். நான் அழவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மனைவி நகரத்துக்குள் இருக்கலாம் என்கிறார். எனக்கு அதில் மனமில்லை. நிலாவெளிக்கு வடக்கே, கும்புறுப்பிட்டிக்கும் குச்சவெளிக்கும் இடையில் ஒரு வீட்டைக் கண்டு வைத்திருக்கிறேன். புதுப் பூச்சு, தகரக் கூரை, பின்படலையைத் திறந்தால் மணல், அதைத் தாண்டினால் கடல். வாடகை கொழும்பில் கொடுப்பதில் பாதிகூட இல்லை. வீட்டுக்காரர் இந்த மாதமே முற்பணம் கேட்கிறார். பக்கத்திலேயே சிறு காணித்துண்டு ஒன்றும் விலைக்கு இருக்கிறதாம். கடலோரத்தில் வாழ்ந்து பழகாத எங்களுக்கு எதைக் கேட்க வேண்டும் என்பதே தெரியவில்லை. அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

நிலாவெளி ரீச்சர்:

தம்பி, முற்பணம் கொடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தாலும் மேலே படியுங்கள்.

நான் நிலாவெளியில் பிறந்தவள். புல்மோட்டை வீதியிலுள்ள பள்ளிக்கூடங்களில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவள். இடம்பெயர்ந்திருந்த காலத்தைத் தவிர வேறெங்கும் வாழ்ந்ததில்லை. ஆகவே ஊரைக் குறைத்துச் சொல்லும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் ஓகஸ்டில் வந்து மயங்கியவர்கள் டிசம்பரில் சாமான் கட்டுவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

நீங்கள் கண்டது கச்சான் காலத்துக் கடல். மே முதல் செப்டெம்பர் வரை இங்கே காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும். அது உங்கள் ஹற்றன் பக்கத்தில் மழையை எல்லாம் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி, வறண்டு, சூடேறி எங்களிடம் வந்து சேருகிற காற்று. கரையோரம் அலையில்லாமல் கிடப்பதற்கும், மத்தியான வேளையில் முற்றத்தில் கால் வைக்க முடியாமல் இருப்பதற்கும் காரணம் அதுதான். ஒக்டோபர் நடுப்பகுதிக்குப் பிறகு எல்லாம் தலைகீழ். திருகோணமலைக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் மழை ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர். அதில் பாதிக்கு மேல் ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மாரியில் விழுந்துவிடும். வாடைக்காற்று கடலிலிருந்து நேரே வீட்டுக்குள் வரும். உங்கள் பின்படலைக்கும் கடலுக்கும் இடையிலுள்ள மணலில் பாதியை அலை எடுத்துக்கொள்ளும். அந்த மாதங்களில் ஊர்ப்பிள்ளைகள்கூடக் கடலில் இறங்க மாட்டார்கள். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் எங்களுக்கு வடக்கே கரையைக் கடந்தபோது, தகரக் கூரை வீட்டுக்காரர்கள் பலர் பள்ளிக்கூடத்தில்தான் படுத்தார்கள். நீங்கள் சாமானோடு வந்து இறங்கப்போவது ஜனவரியில் என்பதை நினைவில் வைத்திருங்கள்.

மழைக்குக் குடை பிடிக்கலாம். நீங்கள் கேட்காமல் விட்ட கேள்விக்கு வருகிறேன். அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தீர்களா?

எங்கள் கரை முழுவதும் மணல். மழைநீர் அதற்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புநீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. உப்புநீர் கனம் கூடியது என்பதால் இரண்டும் உடனே கலந்துவிடுவதில்லை. கணக்கு இதுதான்: நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் தாங்கி நிற்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். மோட்டார் வைத்து இறைத்து மேலே ஓர் அடியைக் குறைத்தால், கீழே உப்பு நாற்பது அடி ஏறப் பார்க்கும். என் மாணவர்களுக்கு விகிதசமன் படிப்பிக்க நான் இந்தக் கிணற்றைத்தான் எடுத்துக்கொள்வேன். புத்தகத்தில் இருக்கும் மாம்பழக் கணக்கைவிட இது அவர்களுக்கு உடனே விளங்கும், ஏனென்றால் வீட்டில் தண்ணீர் அள்ளுவது அவர்கள்தான்.

ஆகவே, "ஆழமாகக் குழாய்க்கிணறு அடித்திருக்கிறேன்" என்று வீட்டுக்காரர் பெருமை பேசினால் அது பெருமையல்ல. கடலோர மணலில் ஆழம் போகப் போக உப்புக்குத்தான் கிட்டப் போகிறோம். அகலமான, ஆழமில்லாத கட்டுக்கிணறு, வாளியால் அள்ளுவது அல்லது சிறிய மோட்டாரால் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது, இதுதான் இங்கே நிலைக்கும். பக்கத்தில் நீச்சல்குளம் வைத்த விடுதி இருக்கிறதா என்றும் பாருங்கள். அவர்கள் இறைப்பதும் உங்கள் கிணற்றிலிருந்துதான்; இடையில் மதில் இருப்பது மண்ணுக்கு மேலே மட்டும்.

2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் கரையின் கிணறுகளை எல்லாம் உப்பாக்கியது. உதவ வந்தவர்கள் நல்ல எண்ணத்தோடு பெரிய பம்புகளால் இறைத்து இறைத்துச் சுத்தம் செய்தார்கள். சில கிணறுகளில் இறைக்க இறைக்க உப்புக் கூடியது. காரணம் நான் மேலே சொன்ன கணக்கு. அந்தக் கிணறுகளை மீட்டது பின்னால் வந்த மாரிமழை. எங்கள் அம்மாவின் வளவுக் கிணற்றை அவர் யாரையும் இறைக்க விடவில்லை. படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றவர், பிடிவாதத்துக்குக் குறைவில்லை.

இப்போது செப்டெம்பர். மழை தொடங்குவதற்கு முந்திய இந்த வாரங்களில்தான் கிணறு உண்மையைச் சொல்லும். இப்போதே வந்து பாருங்கள். சவர்க்காரம் நுரைக்கிறதா, பருப்பு அவிகிறதா, வெறும் தேநீர் வாயில் கரிக்கிறதா என்று பாருங்கள். வளவில் தென்னை செழித்து நிற்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், தென்னை உப்பைத் தாங்கும். வாழை இருக்கிறதா? நிலாவெளிப் பக்கத்தில் சின்ன வெங்காயம் செய்கிறார்கள். வெங்காயம் சவரை, அதாவது தண்ணீரிலுள்ள உப்பைப் பொறுக்காது. ஆகவே வெங்காயப் பாத்தி இருக்கும் மேட்டுமணலின் பக்கம் வீடு தேடுங்கள், பெரும்பாலும் அது வீதிக்கு மேற்கே, கடல் தெரியாத பக்கமாக இருக்கும். கடலை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வரலாம். மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து ஐம்பது அடியாவது தள்ளியிருக்கிறதா என்றும் அளந்து பாருங்கள். மணல் எதையும் வடிகட்டாமல் விட்டுவிடும். குழாய்நீர் வந்த ஒழுங்கை என்றால் இந்தக் கவலையில் பாதி குறைந்தது, ஆனால் குழாய் இருப்பது வேறு, அதில் தண்ணீர் வருவது வேறு. பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள், ஆண்களிடம் கேட்டுப் பயனில்லை.

மனைவியின் வேலைநேரத்தை யோசித்தீர்களா? பின்னேர வேலை இரவு ஏழு மணிக்கு முடியும். நகரத்திலிருந்து நிலாவெளி ஏறத்தாழ 15 கிலோமீற்றர். குச்சவெளி அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். இருட்டிய பிறகு அந்த வீதியில் பஸ்ஸை நம்பி ஒரு தாதி வீடு திரும்ப முடியாது. கடலை விரும்புவது நீங்கள், பஸ்ஸுக்கு நிற்பது அவர். அலஸ்தோட்டம், சாம்பல்தீவு, மிஞ்சிப்போனால் நிலாவெளி. அதற்கு மேலே வேண்டாம்.

கொட்டியாரத்தான்:

ரீச்சர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மாற்றத் தேவையில்லை. ஆனால் திருகோணமலையில் கடலோரம் என்றால் எல்லாரும் வடக்கு வீதியையே பிடித்துக்கொண்டு நிற்பது எங்களுக்குப் பழகிப்போன வருத்தம். நான் மூதூர். குடாவுக்குத் தெற்கேயும் கடல் இருக்கிறது தம்பி.

முன்பு எங்களுக்கு நகரத்துக்கு வருவதென்றால் கொட்டியாரக் குடாவைக் கடக்கும் படகு, இல்லாவிட்டால் பாதைக்குப் பாதை மாறி ஒரு நாள் அலைச்சல். 2009இல் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறந்து, அதன்பின் மற்றப் பாலங்களும் வந்த பிறகு அந்தக் கதை முடிந்துவிட்டது. வாடகை குறைவு, மீன் மலிவு, உல்லாசப் பயணிகள் இல்லாததால் யாரும் உங்களைப் பருவத்துக்குப் பருவம் எழுப்ப மாட்டார்கள். எருமைத் தயிரைப் பற்றி நான் சொன்னால் விளம்பரமாகிவிடும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். மகாவலி வந்து கடலில் விழுவது எங்கள் குடாவில். அதன் கிளைதான் வெருகல் ஆறு. உங்கள் மலைநாட்டில் பெய்வதும் மாரியில் இங்கே பெய்வதும் சேர்ந்தால் வெருகல், ஈச்சிலம்பற்று, மூதூர்த் தாழ்நிலமெல்லாம் வெள்ளம். வீடு பார்க்கும்போது சுவரைப் பாருங்கள், புதுப் பூச்சு முழங்கால் உயரத்துக்கு மட்டும் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். நகரத்து ஆஸ்பத்திரியில் இரவு வேலைக்கு மூதூரிலிருந்து போவது நிலாவெளியைவிடச் சிரமம் என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தாதிக்கு மூதூர் வைத்தியசாலைக்கே மாற்றம் கேட்கலாமே!

கொத்தன் பேரன்:

கட்டட வேலை செய்பவன் என்ற முறையில் சுருக்கமாக. அந்த வீடு கடலிலிருந்து அவ்வளவு கிட்ட என்றால் தகரக் கூரையில் ஆணி அடித்த இடங்களை ஏறிப் பாருங்கள், துரு முதலில் அங்கேதான் தொடங்கும். ஓட்டுக் கூரை என்றால் நிம்மதி, சூடும் குறைவு. கொங்கிறீற்றுத் தட்டில் நீளவாக்கில் வெடிப்பும் அதில் செம்மண் நிறக் கறையும் தெரிந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்குகிறது. கடல்மணல் கலந்து கட்டியிருப்பார்கள். புதுப் பூச்சு என்கிறீர்களே, எதை மறைக்கப் பூசினார்கள் என்று யோசிப்பது எங்கள் தொழில் புத்தி.

கணினி வேலை என்றால் கணினியைக் கடல்பக்க ஜன்னலடியில் வைக்கவே வேண்டாம். வேலை முடிந்ததும் துணி போட்டு மூடுங்கள். மாரியில் மின்சாரம் போய்ப் போய் வரும். மின்சாரம் போனாலும் கணினியை ஓட வைக்கும் மின்கலம் ஒன்று வாங்குங்கள். பூட்டு, கீல் எல்லாம் பித்தளையில். மோட்டார் சைக்கிள் சங்கிலிக்கு வாரம் ஒருமுறை எண்ணெய். ரீச்சர் கிணற்றுக்குச் சொன்னதை நான் இரும்புக்குச் சொல்கிறேன்.

மலைநாட்டான்:

எல்லாருக்கும் நன்றி. முற்பணம் கொடுக்கவில்லை. நகரத்திலிருக்கும் நண்பர் ஒருவரை அனுப்பித் தண்ணீரைக் குடிக்கச் சொன்னேன். ஒரு மிடறோடு துப்பிவிட்டாராம். வீட்டுக்காரரிடம் தொலைபேசியில் கேட்டேன். "கொஞ்சம் சவர்தான், உடம்புக்கு நல்லது" என்றார். பிறகு பேச்சோடு பேச்சாக, ஏப்ரல் கடைசியில் வீட்டை விட வேண்டும், மே முதல் வெளிநாட்டுக்காரருக்குக் கொடுப்பது வழக்கம் என்றும் சொன்னார். இதை முதலில் சொல்லவேயில்லை. மகனின் பரீட்சைக்குப் படிக்கும் காலம் அது.

மனைவியிடம் ரீச்சரின் பதிலை வாசித்துக் காட்டினேன். "பஸ்ஸுக்கு நிற்பது அவர்" என்ற இடத்தை இரண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னார். மூதூர் நானாவின் யோசனைக்கு, இடமாற்றத்துக்கு மேல் இடமாற்றம் கேட்டால் வேலையே போய்விடும் என்று சிரித்தார்.

காணியைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே? விலை மலிவு. தரகர் "பெர்மிட் காணி, ஆனால் பிரச்சினை இல்லை" என்கிறார். கடலுக்கு மிகக் கிட்ட. அங்கே கரைவலை இழுப்பவர்களின் கொட்டில்களும் இருக்கின்றன. அவை யாருடையவை என்று கேட்டதற்குத் தரகர் பேச்சை மாற்றிவிட்டார்.

நிலாவெளி ரீச்சர்:

"ஆனால் பிரச்சினை இல்லை" என்று ஒருவர் சொன்னால் அந்த "ஆனால்" எதற்கு?

பெர்மிட் காணி என்பது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு ஒரு குடும்பத்துக்குக் கொடுத்த அனுமதிப்பத்திரம். அதை வைத்திருப்பவர் நினைத்தபடி விற்க முடியாது. அனுமதியில்லாமல் எழுதிய கைமாற்றம் செல்லாது. வெள்ளைத் தாளில் முத்திரை ஒட்டிக் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள், பணம் போகும், தாள் இருக்கும். எங்கள் ஒழுங்கையிலேயே அப்படியொரு தாளோடு ஒருவர் இருக்கிறார். வேலி கட்டி, மாமரம் வைத்து, காய்க்கவும் தொடங்கிய பிறகு பெர்மிட்காரரின் பேரன் வந்து நிற்கிறான். இரண்டு பேரும் கெட்டவர்களல்லர், அதுதான் வழக்கு முடியாமல் இழுபடுவதற்குக் காரணம்.

உறுதிக் காணி, அதாவது சொந்த உரிமைப் பத்திரம் உள்ள காணி என்றாலும் அவசரம் வேண்டாம். இங்கே ஊர்களே இடம்பெயர்ந்து பல வருடங்கள் கழித்துத் திரும்பியவை. ஒரே வளவுக்கு இரண்டு மூன்று உறுதிகள், வெளிநாட்டிலிருக்கும் பங்காளிகள், எரிந்துபோன ஆவணங்கள் எல்லாம் உண்டு. காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்க வேண்டும், அரச நில அளவையாளரின் வரைபடத்தோடு எல்லைக்கல்லை ஒப்பிட வேண்டும், பிரதேச செயலகத்தில் கேட்க வேண்டும். விதானையாரிடமும், அதாவது கிராம சேவகரிடமும் கேளுங்கள், காகிதத்தில் இல்லாதது அவருக்குத் தெரியும். குச்சவெளி, திரியாய்ப் பக்கத்தில் வன இலாகாவும் தொல்லியல் திணைக்களமும் எல்லை போட்ட இடங்கள் இருக்கின்றன. தரகரின் வாயிலிருந்து அது வராது. திரியாய்ப் பக்கம் யானையும் வரும், அதையும் அவர் சொல்ல மாட்டார்.

கடலுக்குக் கிட்ட என்றீர்கள். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி, சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் வீடு கட்டுவதற்குத் தனி அனுமதி எடுக்க வேண்டும். விண்ணப்பித்தால் கிடைக்கும் என்று நினைத்து அத்திவாரம் வெட்டாதீர்கள்.

கொட்டில்கள் கரைவலைக்காரரின் வாடிகள். ஒவ்வொரு பாட்டுக்கும், அதாவது வலை இழுக்கும் கரைத்துண்டுக்கும், உரிமைக்காரர் உண்டு. எந்த இடத்திலிருந்து எந்த இடம்வரை யார் வலை வளைப்பது என்பது இன்று நேற்று வந்த ஒழுங்கல்ல. நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்திலிருந்து பருவத்துக்கு வந்து வாடி போட்டுத் தொழில் செய்துவிட்டு மாரிக்கு முன் திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் அங்கே வேலி போட்டால் முதல் நாளே பகை. வேலி போடாமல் காலையில் போய் நின்று வலைக்கயிற்றில் ஒரு கை பிடித்தால், ஒரு கோர்வை சூடை மீனைச் சும்மா தருவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், காசு நீட்டாதீர்கள்.

நான் சொல்வது இது. மனைவி ஜனவரியில் தாதியர் விடுதியில் ஓர் இடம் கேட்டுத் தங்கட்டும். சாம்பல்தீவிலும் நிலாவெளியிலும் பல்கலைக்கழக வளாகத்து விரிவுரையாளர்களுக்கு ஆண்டு முழுவதும் வாடகைக்கு விடும் வீடுகள் இருக்கின்றன. வளாகம் கோணேசபுரியில், அதே வீதியில்தான் இருக்கிறது. அந்த வீட்டுக்காரர்கள் மே மாதம் வந்ததும் வெளியே போ என்று சொல்ல மாட்டார்கள். அப்படி ஒரு வீட்டைப் பாருங்கள், ஒப்பந்தத்தில் பன்னிரண்டு மாதம் என்று எழுத்தில் இருக்கட்டும். காணி, கீணி என்ற பேச்சை ஒரு மாரியும் ஒரு கச்சானும் கழியும் வரை எடுக்க வேண்டாம்.

பையனின் படிப்பைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருந்தீர்கள். நான் அதைத்தான் முதலில் வாசித்தேன். ஐந்தாம் தரத்தில் புதிதாக வந்து சேரும் பிள்ளைக்கு நகரத்துப் பெரிய பள்ளிக்கூடங்களில் இடம் கிடைப்பது சுலபமில்லை. எங்கள் வீதிப் பள்ளிக்கூடங்களில் வகுப்பு சிறியது, ஆசிரியருக்குப் பிள்ளையின் பெயர் தெரியும், அடுத்த பிள்ளையிடம் என்ன குறை என்பதும் தெரியும். இப்போதைய பள்ளிக்கூடத்தில் விடுகைப் பத்திரத்தை டிசம்பர் விடுமுறைக்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள். விடுமுறையில் அதிபரைத் தேடிப் பிடிக்க முடியாது. மாணவர் முன்னேற்ற அறிக்கையின் பிரதியும் கொண்டு வாருங்கள். கணிதத்தில் பின்தங்கியிருந்தால் என்னிடம் அனுப்பலாம். காசு வேண்டாம்; வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் தேவை.

கொட்டியாரத்தான்:

ரீச்சர் ஓய்வு பெற்ற பிறகும் வேலை வாங்குவதை விடவில்லை. தம்பி, குடிபுகும் அன்று சொல்லுங்கள், கிண்ணியா பஸ்ஸில் ஒரு சட்டி தயிர் ஏற்றி விடுகிறேன்.